மாமா மாற்றிய திரை

எங்கள் வீட்டில் ஒரு பொருள் கெட்டுப்போனால், கெட்டுப்போயிற்று என்று யாரும் சொல்வதில்லை. நான் திருமணமாகி வந்த புதிதில், மிக்ஸி எங்கே என்று கேட்டேன். "மாமாகிட்ட இருக்கு" என்றார் மாமியார். இரவல் வாங்கிப்போன எந்த மாமாவோ என்று நினைத்துக்கொண்டேன். முன்னறையில் போய்ப் பார்த்தால், துணி வெட்டும் மேஜைமேல் மிக்ஸி வயிறு திறந்து கிடந்தது. மாமனார் அதற்குள் எட்டிப் பார்த்து எதையோ ஊதிக்கொண்டிருந்தார்.

"கடையில கொடுத்துடலாமே மாமா" என்று சொல்லிவிட்டேன்.

உள்ளே இருந்த என் நாத்தனார் சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். "அண்ணி, அந்த வார்த்தைய இந்த வீட்ல சொல்லக்கூடாது. அப்பாவுக்குக் காய்ச்சல் வந்துடும்."

மாமனார் துணி திருத்துகிறவர். புதுத்துணி தைப்பதில்லை. நீளமானதைக் குட்டையாக்குவார், இறுகினதை விடுவார், கிழிந்ததை மூடுவார், ஜிப் மாற்றுவார். வீட்டின் முன்னறைதான் கடை. தெருவைப் பார்த்த ஜன்னலோரம் தையல் இயந்திரம், எதிரே ஆளுயரக் கண்ணாடி, நடுவில் அந்த நீள மேஜை. வாடிக்கையாளரை ஒரு முக்காலிமேல் நிற்க வைத்து, கால்சட்டையின் ஓரத்தை மடித்து, தரையில் குந்தியபடி ஊசி குத்துவார். அதற்கான குண்டூசிகளை எடுக்க அவர் எங்கேயும் கை நீட்டுவதில்லை. பழைய ஸ்பீக்கர் ஒன்றைப் பிரித்து அதிலிருந்த காந்தத்தை எடுத்து, தோல் பட்டையில் வைத்துத் தைத்து, இடது மணிக்கட்டில் உள்பக்கமாகக் கட்டியிருப்பார். ஊசிகள் அதில் கொத்தாக ஒட்டியிருக்கும். காலையில் குளித்ததும் கட்டினால் படுக்கப் போகும்போதுதான் கழற்றுவார். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்காரும்போதும் அது கையில் இருக்கும். "என்னங்க, கரண்டி ஒட்டிக்கப் போகுது" என்பார் மாமியார். உண்மையிலேயே ஒருநாள் ஒட்டிக்கொண்டது.

அவர் அதிகம் பேச மாட்டார். நானும் பேச மாட்டேன். அதனால் எங்களுக்குள் ஒரு சௌகரியம் இருந்தது. பகலில் முன்னறையின் ஒரு மூலையில் நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். நாத்தனார் கல்லூரிக்குப் போகும் நாட்களில் தன் மடிக்கணினியை எனக்கு விட்டுச் செல்வாள். இரண்டு மொழியும் எனக்கு எழுத வரும் என்பதால், மொழிபெயர்ப்பு வேலை ஏதாவது கிடைக்குமா என்று அதில் தேடிக்கொண்டிருந்தேன். அவர் தைப்பார், நான் தட்டச்சு செய்வேன். இரண்டு சத்தமும் கேட்கும். வேறொன்றும் இருக்காது.

அந்த மடிக்கணினி நாத்தனாருக்கு உயிர். கடைசி ஆண்டு, அவள் வரைந்த கட்டட வரைபடங்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. அதை மூடும்போதுகூட, தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துவதுபோல மெதுவாகத்தான் மூடுவாள்.

ஒருநாள் காலையில் நான் கொஞ்ச நேரம் அதில் வேலை பார்த்தேன். மூடி, மேஜையை ஒட்டியிருந்த அலமாரியில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். சாயங்காலம் நாத்தனார் வந்து அதைத் திறந்தாள். திறந்த கணத்திலேயே அலறினாள்.

திரையின் இடது மூலையிலிருந்து சிலந்தி வலைபோல விரிசல் ஓடியிருந்தது. மீதி இடத்தில் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள். ஒரு பக்கம் மை கொட்டியதுபோல் கறுப்பு.

"யாரு கடைசியா தொட்டது?"

"நான்தான், காலையில..." என்று ஆரம்பித்தேன். நான் மூடி வைத்தபோது நன்றாகத்தான் இருந்தது என்று சொல்ல வந்தேன். என் வாக்கியம் பாதி வழியில் இருக்கும்போதே மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"போச்சு! ஒரு பொருளைப் பதனமா வைக்கத் தெரியுதா? இவங்க வீட்ல எல்லாத்தையும் தூக்கிப் போட்டுத்தான் பழக்கம் போல."

நாத்தனார் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே மடிக்கணினியை என் கையில் கொடுத்தாள். நான் குனிந்து பார்த்தேன். திரையைச் சுற்றியிருக்கும் கறுப்புச் சட்டத்தின் இடது ஓரம் லேசாகப் பிளந்திருந்தது. அந்தப் பிளவு நெடுக, மெல்லிய கோடாக, நீலப் பொடி படிந்திருந்தது.

துணியில் கோடு போடும் சாக்பீஸ். அந்த நீலம் இந்த வீட்டில் ஒரே ஒருவர் விரலில்தான் இருக்கும்.

எதற்காகச் செய்தேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. சுட்டுவிரலால் அந்தப் பொடியைத் துடைத்தேன். துடைத்துவிட்டு நிமிர்ந்தேன். மாமனார் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தபடி என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பார்த்ததும் கண்ணைத் திருப்பிக்கொண்டார். பிறகு, நான் வந்ததிலிருந்து ஒருமுறையும் பார்த்திராத ஒன்றைச் செய்தார். மணிக்கட்டிலிருந்து குண்டூசிகளை எடுத்து, ஒவ்வொன்றாக உதடுகளுக்கிடையே வைத்துக்கொண்டார். வாய் நிறைய ஊசி உள்ள ஆளிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

"என்னங்க, நீங்களாவது ஏதாவது சொல்லுங்களேன்" என்றார் மாமியார்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்பது யாருக்கும் புரியவில்லை.

அன்று சாப்பாட்டு நேரத்தில்தான் அவர் வாய் திறந்தார். "கடைக்கெல்லாம் வேணாம். புதுத் திரை வாங்குங்க. நானே மாத்தித் தரேன்."

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். மாமியார் என் பக்கம் திரும்பினார். "பார்த்துக்கோ. வேற வீடா இருந்தா என்ன ஆகியிருக்கும்? நீ உடைச்சதை உங்க மாமா உட்கார்ந்து சரி பண்றார். இப்படி ஒரு மாமனார் யாருக்குக் கிடைக்கும்?"

மாமனார் தட்டில் கையை வைத்தபடி அப்படியே இருந்தார். பிறகு பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அதற்குப் பின் எனக்கு ஒரு பட்டப்பெயர் வந்தது. சுத்தியல் அண்ணி. நாத்தனார் கோபம் நெடுநேரம் நிற்கிறவள் இல்லை, விளையாட்டாகத்தான் கூப்பிட்டாள். "சுத்தியல் அண்ணி, அந்தக் கண்ணாடி டம்ளர நான் எடுத்துக்கறேன், நீங்க தொடாதீங்க." மாமியார் சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஆனால் எதிர்வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்து, "உன் கைக்கு எதுவும் தாங்காதாமே?" என்று கேட்டபோது, சிரிப்பு வர நேரமாயிற்று. என் கணவர்கூட, "விடு, நீ என்ன வேணும்னா செஞ்சே?" என்றுதான் ஆறுதல் சொன்னார். அவரும் நம்பிவிட்டார் என்பது அந்த ஆறுதலில்தான் தெரிந்தது. அவரிடமும் நான் சொல்லவில்லை. வந்து சில மாதங்களே ஆன வீட்டில், வீட்டுப் பெரியவரைக் காட்டிக்கொடுத்த மருமகளாக இருப்பதா, பொருளை உடைத்த மருமகளாக இருப்பதா? இரண்டாவது சுலபம் என்று தோன்றியது. மாமனாரே ஒரு வார்த்தை சொல்வார், இது தானாகத் தீரும் என்றும் தோன்றியது.

அவர் சொல்லவில்லை. முன்னறையில் நான் போய் உட்கார்ந்தால், கத்தரிக்கோலைத் தேடுகிறவர்போல எழுந்து உள்ளே போனார். கத்தரிக்கோல் அவர் கையிலேயே இருந்தது. சுத்தியல் என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் இயந்திரத்தின் மிதியை வேகமாக மிதித்தார். துணி இல்லாமலே ஊசி ஓடும் சத்தம் கேட்டது.

இதற்கிடையில் என்னுடைய பொருள்கள் ஒவ்வொன்றாகச் சரியாகிக்கொண்டே வந்தன. கைப்பையின் பட்டை அறுந்திருந்தது. காலையில் எடுத்தால் தைத்திருந்தது. என் அறைத் திரைச்சீலை தரையில் இழுபடும். ஒருநாள் குளித்துவிட்டு வந்து பார்த்தால் அளவாக மடித்துத் தைத்து மாட்டியிருந்தது. குடையின் மடங்கிய கம்பி நிமிர்ந்தது. அம்மா வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த தலையணை உறைக்குப் பொத்தான் வந்தது. நான் கேட்கவில்லை. அவரும் கொடுத்தேன் என்று காட்டிக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றையும் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை தையலுக்குப் பதில் ஒரே ஒரு வாக்கியம் போதுமே என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, அவர் குனிந்த தலையைப் பார்த்தால் அந்தக் கோபமும் நிற்காது.

புதுத் திரை பார்சலில் வந்தது. எல்லோரும் வீட்டில் இருக்கும் ஒரு விடுமுறை நாளின் காலையில், கடையை மூடி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். வெட்டும் மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்தார். செய்முறை சொல்லும் வீடியோ ஒன்றை நாத்தனார் தன் போனில் ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். மாமியார் முக்காலியைக் கைப்பற்றி உட்கார்ந்துகொண்டார். டார்ச் பிடிக்கும் வேலை எனக்கு வந்தது.

"அண்ணி டார்ச்ச மட்டும் பிடிங்க. வேற எதையும் தொடாதீங்க."

"சும்மா இரு" என்றார் மாமனார். குரல் சற்று உரத்து வந்துவிட்டது. நாத்தனார் கண்ணை உருட்டிக்கொண்டு போனைப் பார்த்தாள்.

"முதல்ல அடிப்பக்கத்தைத் திறந்து பேட்டரி வயரக் கழட்டணுமாம். அப்புறம்தான் திரைக்கிட்ட போகணும்."

அவர் அப்படியே செய்தார். கழற்றிய திருகாணிகள் எறும்புத் தலை அளவு இருந்தன. ஒவ்வொன்றையும் மணிக்கட்டுக் காந்தத்தில் ஒட்டிக்கொண்டார். "பாரு, ஒண்ணு கூட தொலையாது. உங்க வீடியோக்காரருக்கு இந்த யோசனை வந்துச்சா?" என்றார் மாமியார் பெருமையாக.

பிறகு மடிக்கணினியைத் திறந்து வைத்து, திரையைச் சுற்றியிருந்த சட்டத்தை விரல் நகத்தால் நெம்பினார். வலது பக்கம் டக் டக்கென்று விடுபட்டு வந்தது. இடது பக்கம் சத்தமே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. நாத்தனார் அதை வாங்கிப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் கொக்கியெல்லாம் ஏற்கெனவே உடைஞ்சிருக்கே. அண்ணி, நிஜமா சொல்லுங்க, எதுல இடிச்சீங்க?"

நான் டார்ச்சை மேஜைப் பக்கம் திருப்பினேன். மாமனாரின் விரலிலிருந்து ஒரு திருகாணி நழுவி மேஜையில் உருண்டது. அவர் அதைத் தேடுவதுபோலக் குனிந்தார். அது அவர் கண்ணெதிரேதான் கிடந்தது.

அந்த நேரம் நாத்தனாரின் போன் அடித்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். மாமியார் அடுப்பில் வைத்ததை இறக்க உள்ளே போனார். நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். உடைந்த திரையைப் பிடித்திருந்த திருகாணிகளையும் கழற்றி, அதை விசைப்பலகைமேல் குப்புறக் கவிழ்த்தார். பின்பக்கத்தில் நாடாபோல ஒரு கம்பி, மெல்லிய பசைத்தாளுக்கு அடியில் இணைந்திருந்தது. நான் வெளிச்சத்தைக் கிட்டக் கொண்டுபோனேன்.

"கை வலிக்குதாம்மா?"

"இல்ல மாமா."

"வலிச்சா கீழ வச்சுக்கோ."

"பரவாயில்ல மாமா."

பசைத்தாளை உரித்தார். கம்பியைப் பிடுங்காமல், பட்டு நூலை இழுப்பதுபோல மெல்ல இழுத்தார். அது வந்துவிட்டது. பழைய திரையைத் தூக்கித் தள்ளி வைத்தார். கை அந்தரத்தில் நின்றது.

"அன்னைக்கு..." என்றார்.

நான் காத்திருந்தேன். வெளியே நாத்தனார் போனில் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலோடு அவள் உள்ளே வந்துவிட்டாள். "என்னப்பா, கழட்டிட்டீங்களா? சூப்பர்!" அவர் புதுத் திரையின் உறையைப் பிரிக்கத் தொடங்கினார். அந்த வார்த்தை அங்கேயே விழுந்து கிடந்தது.

புதுத் திரை சரியாகப் பொருந்தியது. பேட்டரியை இணைத்து, அடிப்பக்கத்தை மூடி, நாத்தனார் பொத்தானை அழுத்தினாள். மாமியாரும் உள்ளேயிருந்து வந்து முக்காலியில் உட்கார்ந்தார். வெளிச்சம் வந்தது. அவளுடைய வரைபடங்கள் வரிசையாக நின்றன. மாமியார் கைதட்டினார்.

"அப்பா, நீங்கதான் முதல்ல உட்காரணும்" என்று அவரை நாற்காலியில் பிடித்துத் தள்ளினாள். அவர் கூச்சத்தோடு உட்கார்ந்து, இரண்டு கையையும் விசைப்பலகையின் ஓரத்தில் வைத்தார்.

திரை அணைந்தது.

அவர் பதறி, மூடியை இடது கையால் பிடித்து அசைத்து, வலது கையால் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். வெளிச்சம் வந்தது. கையைக் கீழே வைத்தார். மறுபடி இருட்டு.

"சுத்தியல் அண்ணி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் நாத்தனார். நான் தள்ளி நின்றேன். பயனில்லை. அவரை எழுப்பிவிட்டு அவள் உட்கார்ந்தாள், எரிந்தது. என்னை உட்கார வைத்தாள், எரிந்தது. அவர் உட்கார்ந்தார், அணைந்தது.

நாத்தனார் கொஞ்ச நேரம் அவரையே உற்றுப் பார்த்தாள். பிறகு அவருடைய இடது கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"அட கடவுளே! இதுதான்! அப்பா, லேப்டாப்ப மூடினா தானா அணையுதுல்ல, அது எப்படித் தெரியுமா? மூடியில ஒரு குட்டிக் காந்தம் இருக்கும். அது இந்த இடத்துகிட்ட வந்தா, மூடிட்டாங்கன்னு நினைச்சுத் தூங்கிடும். நீங்க கையில ஸ்பீக்கர் காந்தத்தையே கட்டி வச்சிருக்கீங்க!"

அவர் கையைப் பிடித்து மந்திரவாதிபோல ஓரத்துக்குக் கொண்டுபோனாள். அணைந்தது. எடுத்துவிட்டுப் பொத்தானைத் தட்டினாள். எரிந்தது. மாமியார் சிரித்த சிரிப்பில் முக்காலி ஆடியது. "உங்கப்பா பக்கத்துல வந்தாலே அது கண்ண மூடிக்குது பாரு!" எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் மட்டும் சிரிக்கவில்லை. தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்கும் இப்படித்தான் அணைஞ்சுது" என்றார்.

"என்னைக்குப்பா?"

"அது உடைஞ்ச அன்னைக்கு."

சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. மாமியார்தான் கடைசி.

"மழைக்கோட்டு ஒண்ணு வந்திருந்துச்சுல்ல, தண்ணி புகாத ஜிப்பு. அத எப்படி வைக்கறதுன்னு தெரியல. உன்கிட்ட கேட்டா, அப்பாவுக்குத் தெரியாத ஜிப்பான்னு சிரிப்பே. இந்த லேப்டாப்புல வீடியோ பார்த்துத் தெரிஞ்சுக்கலாம்னு உட்கார்ந்தேன். அணைஞ்சுது. மூடிய ஆட்டினா வந்துச்சு, கைய வச்சா போச்சு. உள்ள வயர் லூசுன்னு நினைச்சேன். தையல் பிரிக்கிற கத்திய ஓரத்துல விட்டு நெம்பினேன்." நிறுத்தினார். "டிக்குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். அதுக்கு ஒண்ணுமே ஆகலம்மா. நல்லா இருந்தத நான்தான் உடைச்சேன்."

அவர் மறைத்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை, எல்லோரும் வேறொன்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தவறு செய்ததாக மட்டும் நினைத்திருந்தவருக்கு, அந்தத் தவறுக்கு ஒரு காரணம்கூட இல்லை என்று தெரிந்த கணத்தில்தான் வாய் திறந்தது.

"அப்போ இவ?" என்றார் மாமியார்.

"இவ ஒண்ணும் பண்ணல."

"இவளுக்குத் தெரியுமா?"

அத்தனை நாளுக்குப் பிறகு அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார். "தெரியும். அன்னைக்கே தெரியும். என் சாக்பீஸ் பொடிய விரலால தொடச்சா."

நாத்தனார் எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. "ஏன் அண்ணி சொல்லல? நான் பாட்டுக்கு சுத்தியல், சுத்தியல்னு..."

"மாமாவே சொல்லுவார்னு நினைச்சேன்" என்றேன்.

குத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேட்டாள், உள்ளதைச் சொன்னேன். ஆனால் அவர் தோள்கள் ஒடுங்கியதைப் பார்த்தபோது, அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பட்டது. அவர் இயந்திரத்தின் முன்னால் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். தைக்க ஒன்றும் இல்லை. வெறுமனே உட்கார்ந்திருந்தார்.

மாமியாருக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. வெட்கம் அவரிடம் கோபமாகத்தான் வெளியே வரும். "இத எதிர்வீட்டுக்காரம்மாகிட்ட கூட சொல்லித் தொலைச்சேனே! என் மருமக உடைச்சா, என் வீட்டுக்காரர் சரி பண்றார்னு!"

"நான் போய்ச் சொல்லிக்கறேன்" என்றது முதுகு.

"வேணாம். அது இன்னும் கேவலம்."

மாமனார் போனார். அன்றே போனார். செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்து, எதிர்வீட்டு வாசலில் நின்று பேசினார். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அந்த அம்மா முதலில் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது, கால்சட்டை திருத்த வந்த வாடிக்கையாளர்போல எங்கே கை வைப்பது, எங்கே நிற்பது என்று தெரியாமல் நடந்து வந்தார். மாமியார் அவரிடம் பேசவில்லை. என்னிடமும் சரியாகப் பேசவில்லை. சாப்பிடும்போது என் தட்டில் மட்டும் நான் கேட்காமலே இரண்டாம் தடவை வைத்தார். என்னைப் பார்க்காமல் வைத்தார்.

பட்டப்பெயர் போகவில்லை. நாத்தனார் நிறுத்தத்தான் பார்த்தாள். வாய் பழகிவிட்டது, அவ்வப்போது வந்துவிடும். எனக்கு இப்போது அது உறுத்துவதில்லை. அவருக்கு உறுத்துகிறது. கேட்டால் மிதிப்பதை நிறுத்திவிட்டு, "அது அவ பேரு இல்ல" என்பார்.

மடிக்கணினி நன்றாக ஓடுகிறது. அதில்தான் எனக்கு வேலையும் கிடைத்தது. முன்னறை மூலையில் மறுபடி நாற்காலி போட்டு உட்காருகிறேன். தெரியாத ஜிப் எதுவும் வந்தால், இப்போதெல்லாம் அவர் வெளிப்படையாகவே வருகிறார். வந்து, நாற்காலிக்கு இரண்டடி தள்ளியே நின்றுவிடுவார். இடது கையை என் பக்கம் நீட்டுவார். நான் பட்டையின் கொக்கியை விடுவித்து, ஊசிகளோடு அதை வாங்கித் தூர வைப்பேன். அதன் பிறகுதான் உட்காருவார்.

தினமும் காலையில் அவரே ஒற்றைக் கையால் கட்டிக்கொள்கிற பட்டைதான் அது. கழற்றவும் அவருக்குத் தெரியும். இருந்தாலும் கையை நீட்டுவார். பார்வை மட்டும் ஜன்னல் பக்கம் இருக்கும்.